ஸ்டிக்கர் உரிக்கிற அக்கா

மன்னாரில், தாழ்வுபாடு என்ற கடற்கரை ஊரில் கருவாட்டு வியாபாரம் செய்துகொண்டிருந்த ஒரு பெண்ணிடம் நான் பூனைச் சாப்பாடு விற்கப் பார்த்தேன். அதுவும் மீன் சுவையில். என் வியாபார மூளையைப் பற்றி இதற்குமேல் சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்த அக்காவைப் பற்றிச் சொல்வதென்றால் என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லித்தான் ஆகவேண்டும். பெயரை மட்டும் எழுதப் போவதில்லை. எழுதினால், "ஆரைக் கேட்டு எழுதினனீங்கள் மாஸ்டர்?" என்றுதான் முதலில் கேட்பா.

யுத்தம் முடிந்து, கொழும்புச் சாமான்கள் பாலம் கடந்து மன்னாருக்குத் தாராளமாக வரத் தொடங்கிய காலம் அது. அதுவரை டியூட்டரியில் தமிழ் படிப்பித்துக்கொண்டிருந்த நான், பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு கடையை எடுத்தேன். ஒரு பக்கம் கயிறு, தூண்டில், மிதப்பு. மற்றப் பக்கம் நாய்க்கும் பூனைக்கும் வேண்டிய சாமான்கள். தொண்டு நிறுவனங்களில் வேலை செய்ய வந்த ஐந்தாறு பேர் பின்னேரங்களில் நாய்க்குட்டிகளோடு நடந்து போவதை நான் கண்டிருந்தேன். அதை வைத்து மன்னார் மாறிவிட்டது என்று முடிவு கட்டினேன். ஆறு மாதத்தில் அவர்கள் இடம் மாறிப் போய்விட்டார்கள், நாய்க்குட்டிகளும் போய்விட்டன. சாமான்கள் மட்டும் போகவில்லை.

அக்கா முதல் தரம் வந்தது கயிறு வாங்க. மெலிந்த ஆள். காலில் எப்போதும் உப்புப் படிந்திருக்கும். கழுத்தில் நூலில் கண்ணாடி தொங்கும். வலது கைப் பெருவிரல் நகத்தை மட்டும் நீளமாக வளர்த்திருந்தா. கருவாட்டின் வயிற்றைக் கீறி, உள்ளே காய்ந்ததா, வெளியில் மட்டும் உப்பைப் பூசிக்கொண்டு வந்ததா என்று பார்க்கிற நகம். அந்த நகம் என் கடைக்குள் என்னென்ன செய்யப் போகிறது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

"இதென்ன மாஸ்டர்?"

"பூனைச் சாப்பாடு அக்கா. ஆழ்கடல் மீனில செய்தது."

"எந்த மீன்?"

நான் பாக்கெட்டைப் பார்த்தேன். நீல நிற மீன் ஒன்று சிரித்துக்கொண்டு துள்ளியது. அப்படி ஒரு மீனை எங்கள் கடலிலும் கண்டதில்லை, வேறு எந்தக் கடலிலும் இருக்குமென்று தோன்றவில்லை.

"ஆழ்கடல் மீன்தான் அக்கா."

"அது இடம் மாஸ்டர். நான் மீனைக் கேக்கிறன். பாரையோ, சூடையோ, கட்டாவோ?"

என் பதிலுக்காக நெடுநேரம் நின்றா. பிறகு காசைக் கொடுத்து ஒரு பாக்கெட்டை வாங்கி, கடையிலேயே உடைத்து மணந்து பார்த்தா. ஒரு உருண்டையை எடுத்து வாயில் போட்டு மென்றா. கடைக்குள் நின்ற இரண்டு பேர் கயிறு வாங்குவதை விட்டுவிட்டு அவவையே பார்த்தார்கள். அவ மென்றதைக் கையில் துப்பிவிட்டு, "மா. கொஞ்சம் உப்பு. மீன் கிட்டடியால போயிருக்கு, உள்ளுக்க வரேல்ல" என்றா.

அடுத்த நாள் திரும்பவும் வந்தா. பாக்கெட்டின் பின்பக்கத்தில் இருந்த பட்டியலை மிருக வைத்தியரிடம் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறா. "முதல்ல எழுதியிருக்கிறதுதான் கூட இருக்குமாம். பின்னால போகப் போகக் குறைவாம். உதில முதல் சோளம். மீன் எட்டாவது. எட்டாவதை ஏன் முன்னுக்குப் படமாப் போட்டிருக்கிறாங்கள்?"

அவ குற்றம் சாட்டவில்லை, உண்மையாகவே அறிய விரும்பித்தான் கேட்டா. பதில் தெரியாத என்னைப் போன்றவனுக்குத்தான் அது குற்றச்சாட்டாகக் கேட்டது.

இப்படியான ஆளுக்கு நாய் பூனைச் சாமான்கள் என்னத்துக்கு என்று நீங்கள் கேட்கலாம். அவவிடம் மூன்று பூனைகளும், காது கிழிந்த ஒரு நாயும் இருந்தன. நாய் கடற்கரையிலிருந்து தானாக வந்தது. பூனைகள் கருவாட்டுக்கு வந்தவை, போகவில்லை. அவற்றுக்குச் சொறி வந்தால், உண்ணி பிடித்தால், பூச்சி விழுந்தால், அவ மருந்து வாங்கத்தான் செய்தா. கேட்டுக் கேட்டு வாங்கினா.

ஒருநாள் கொழும்பிலிருந்து வருகிற விற்பனைப் பிரதிநிதி கடையில் நின்றார். கழுத்துப் பட்டி கட்டின இளம் ஆள். நாய்க்குப் போடுகிற ஷாம்பூ ஒன்றைப் பற்றி எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார். ஒரு மாதத்தில் மயிர் பட்டுப் போல வருமாம். நான் ஏற்கனவே நம்பி முடித்து, எத்தனை பெட்டி எடுப்பது என்ற யோசனைக்குப் போய்விட்டேன். அப்போது அக்கா உள்ளே வந்தா.

"இதைப் போட்ட நாய் ஒண்டைக் காட்டுவீங்களோ தம்பி?"

அவர் படத்தைக் காட்டினார்.

"இந்த நாய் முந்தி எப்பிடி இருந்தது?"

"முந்தின படம் இல்லை அம்மா."

"அப்ப இது பிறந்ததில இருந்தே இப்பிடித்தானோ என்னவோ."

பிரதிநிதி சிரித்துக்கொண்டு, மிருக வைத்தியர்கள் சிபாரிசு செய்கிற சாமான் இது என்றார். எந்த வைத்தியர் என்று அக்கா கேட்டா. நிறையப் பேர் என்றார். ஒரு பெயரைச் சொல்லுங்கோ என்றா. அவர் என்னைப் பார்த்தார். நான் மிதப்புகளை அடுக்கத் தொடங்கினேன். அன்றைக்கு எடுத்த ஆறு பெட்டி ஷாம்பூவில் ஐந்து பெட்டியை, கடையை மூடுகிற வரைக்கும் என் தலையில்தான் போட்டேன். பட்டுப் போல ஒன்றும் வரவில்லை. இருந்ததும் குறைந்தது.

ஏன் இப்படி எல்லாவற்றையும் சந்தேகப்படுகிறீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "நானும் விக்கிறவள் மாஸ்டர். பெட்டியில பெரிய மீனை மேல அடுக்கிறது எனக்குத் தெரியாதோ?" என்றா. இன்னொரு முறை கேட்டபோது வேறு காரணம் சொன்னா. இடம்பெயர்ந்து மரத்தடியில் இருந்த காலத்தில் மகள் கைக்குழந்தை. யாரோ கொண்டுவந்து கொடுத்த பால்மாப் பெட்டியில் திகதி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புது ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததாம். "பசி. உரிச்சுப் பாக்கேல்ல. கரைச்சுக் குடுத்தனான். மூண்டு நாள் பிள்ளை கிடந்த கிடை." அதைச் சொல்லிவிட்டு உடனே கயிற்றின் விலையைக் கேட்டா.

ஆனால் எதையுமே நம்பாத ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். விசர்நாய்த் தடுப்பூசி போட மிருக வைத்தியர் கோயில் வளவுக்கு வந்தபோது, ஊசி போட்டால் நாய் சோர்ந்து போய்விடும், குரைக்காது என்று ஊரில் கதை பரவி, ஒருவரும் நாயைக் கொண்டு போகவில்லை. அக்கா மட்டும் போய், கால் மணித்தியாலம் அந்த மனுசனைக் கேள்வி கேட்டா. மருந்து எப்போது செய்தது, எந்தக் குளிரில் வைத்தது, இன்றைக்கு எத்தனை மணிக்கு வெளியே எடுத்தது. அவர் பொறுமையாகப் பெட்டியைத் திறந்து ஐஸைக் காட்டினார். அக்கா ஐஸைத் தொட்டுப் பார்த்தா. பிறகு காது கிழிந்த நாயைப் பிடித்து முதல் ஊசியைப் போடுவித்தா. அதைக் கண்டுதான் மற்றவர்கள் வீட்டுக்குப் போய் நாய்களைக் கொண்டு வந்தார்கள். உவவே போடுவிச்சிட்டா, பிறகென்ன என்று பேசிக்கொண்டார்கள்.

நானும் தாழ்வுபாட்டு றோட்டில், அவ வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளித்தான் இருந்தேன். கடைக்கு விளம்பரமாக இருக்கட்டும் என்று கொழும்பிலிருந்து ஒரு வெள்ளைச் சடை நாயை வாங்கிப் பிரின்ஸ் என்று பெயர் வைத்து, என் கடைச் சாப்பாட்டை மட்டும் கொடுத்து வளர்த்தேன். அது ஒவ்வொரு நாளும் பின்வேலியால் நுழைந்து அக்கா வீட்டுக்குப் போய், அவித்த மீன் தலையைத் தின்றுவிட்டு வந்து, என் சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் படுத்து நித்திரை கொள்ளும். "உங்கட நாய் வியாபாரம் விளங்கின நாய்" என்று என் மனைவி சொல்லுவாள்.

இனி அந்த ஸ்டிக்கர் விசயம்.

மாரி மழை பெய்து ஓய்ந்த பிறகு உண்ணி பெருகிற்று. பிரதிநிதி சின்னச் சின்னப் போத்தல்களில் ஒரு எண்ணெய் கொண்டு வந்தார். நாயின் பிடரியில் நாலு சொட்டு விட்டால் உண்ணி விழுந்துவிடும். போத்தலில் இருந்த எழுத்து எனக்குத் தெரியாத ஏதோ நாட்டு எழுத்து. அதற்குக் கீழே, வட்டத்துக்குள் ஒரு பூனைப் படம். பூனைக்குக் குறுக்கே ஒரு கோடு. அது கொம்பனியின் அடையாளச் சின்னம் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். ஆங்கிலத்தில் ஒரு தாள் பெட்டிக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. வழவழப்பான நல்ல தாள். தூண்டில் சுற்றிக் கொடுக்க எடுத்து வைத்தேன்.

ஊரில் தமிழில் ஏதாவது எழுதியிருந்தால்தானே வாங்குவார்கள். இருபது வருசம் தமிழ் படிப்பித்தவனுக்கு இதில் என்ன கஷ்டம்? கையால் எழுதிப் படியெடுத்து ஸ்டிக்கர் அடித்தேன்: 'உண்ணிக்கு உடன் விடை. நாய்க்கும் பூனைக்கும் நலம் தரும் நற்றைலம்.' பூனையை நான்தான் சேர்த்தேன். மீன்பிடி ஊரில் நாயைவிடப் பூனை கூட. 'நற்றைலம்' என்ற சொல்லில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. போத்தலில் ஒட்டுவதற்கு ஒரே ஒரு இடம்தான் இருந்தது. அந்தப் பூனைச் சின்னத்துக்கு மேல்.

அக்கா வந்து போத்தலை எடுத்தா. கண்ணாடியைப் போட்டா. நகத்தை ஸ்டிக்கரின் மூலைக்குள் விட்டா.

"என்ன செய்யிறீங்கள் அக்கா?"

"கீழ என்ன இருக்கெண்டு பாக்கிறன்."

கடையில் நாலு பேர் நின்றார்கள். பூனைச் சாப்பாடு, ஷாம்பூ, சடைநாய் எல்லாம் ஒன்றாக என் தலைக்கேறியது. போத்தலை அவவின் கையிலிருந்து பறித்தேன். "வாங்கிற எண்ணம் இல்லாட்டி வைச்சிட்டுப் போங்கோ. ஒவ்வொரு நாளும் இதே வேலை. நான் என்ன ஊரை ஏமாத்திறன் எண்டோ சொல்லுறீங்கள்?"

அவ கண்ணாடியைக் கழற்றி நூலில் விட்டா. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டா. மூன்று கிழமை கடைப்பக்கம் வரவில்லை. அந்த மூன்று கிழமையும் நான் நிம்மதியாக வியாபாரம் செய்தேன். பதினாலு போத்தல் விற்றேன்.

பதினைந்தாவதை வீட்டுக்குக் கொண்டுபோனேன். மனைவியிடம் ஒரு சாம்பல் பூனை இருந்தது. பிள்ளையில்லாத வீட்டில் அதுதான் அவளோடு நாள் முழுக்கக் கதைக்கிற ஆள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து, நானே அதன் பிடரியில் நாலு சொட்டு விட்டேன். பெரிய உண்ணி ஒன்று இருந்தபடியால் இன்னும் இரண்டு சொட்டு சேர்த்தேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது பூனை மேசைக்குக் கீழே நடுங்கிக்கொண்டிருந்தது. வாயால் நுரை. காதும் தோலும் துடித்தன. எழும்பி நடக்கப் பார்த்து விழுந்தது. மனைவி பூனையைத் தூக்கிச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு, நேரே அக்கா வீட்டுக்கு ஓடினாள். பின்னால் நான்.

அக்கா பூனையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தா.

"என்ன போட்டனீங்கள்?"

சொன்னேன்.

"போத்தலைக் கொண்டு வாங்கோ."

ஓடிப்போய்க் கொண்டுவந்தேன். அவ நகத்தால் என் நற்றைலத்தை முழுதாக உரித்தா. வட்டத்துக்குள் குறுக்குக் கோடு போட்ட பூனை வெளியே வந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தோம். படிக்காத பிள்ளைக்கும் விளங்குகிற படம்.

அவ மிருக வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்தா. அவர் சொல்லச் சொல்ல, பாத்திரம் கழுவுகிற சவர்க்காரத்தைக் கரைத்து, இளஞ்சூட்டுத் தண்ணீரில் பூனையின் பிடரியைக் கழுவினா. மனைவி தண்ணீர் ஊற்றினாள். துவாயில் சுற்றி, என் மோட்டார் சைக்கிளில் மூன்று பேருமாக வைத்தியரிடம் போனோம். ஊசி போட்டார். பிழைத்தால் பிழைக்கும் என்றார். மனைவி அங்கேயே ஒரு கதிரையில் பூனையை மடியில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டாள். என்னைப் பார்த்துக் கோபப்பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அவள் பார்க்கவேயில்லை.

வெளியே வந்ததும் அக்கா கேட்டா, "எத்தினை போத்தல் வித்தனீங்கள்?"

"பதினாலு."

"ஆர் ஆருக்கு?"

"ஞாபகமில்லை அக்கா."

"ஞாபகப்படுத்துங்கோ. நான் நிக்கிறன்."

ஞாபகம் வந்தது. வெய்யிலில் அப்படி ஒருவர் முன்னால் நின்றால் எல்லாம் ஞாபகம் வரும். அன்று பின்னேரமும் அடுத்த நாள் முழுவதும் வீடு வீடாகப் போனோம். நான் மோட்டார் சைக்கிள் ஓட, அவ பின்னால் இருந்தா. தாழ்வுபாடு, மன்னார்ப் பட்டினம், கீரிக் கிராமம். ஒவ்வொரு வீட்டிலும் போத்தலைத் திருப்பி வாங்கி, பூனைக்குப் போட்டீர்களோ என்று கேட்டோம். அநேகமானவர்கள் நாய்க்குத்தான் போட்டிருந்தார்கள். என் தமிழை முழுதாக வாசிக்காதவர்கள் தப்பினார்கள். கோயிலில் பாதரும், பள்ளிவாசலில் மௌலவியும் அறிவித்தார்கள். கடையின் பெயரையும் என் பெயரையும் இரண்டு சமயத்தவர்களும் ஒரே நாளில் கேட்டார்கள். இவ்வளவு பெரிய விளம்பரம் எனக்கு அதற்கு முன்னும் பின்னும் கிடைத்ததில்லை.

கீரியில், கடற்கரைக்குக் கிட்ட, தனியாக இருந்த ஒரு வயதானவரின் வீட்டுக்குப் போனோம். வலை தைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி, "வாங்கோ மாஸ்டர், இருங்கோ" என்றார். பூனை எங்கே என்று கேட்டேன். போன கிழமை செத்துப்போச்சு, பாம்பு தீண்டியிருக்க வேணும், நடுங்கி நடுங்கிச் செத்தது என்றார். பனைக்குக் கீழே மண் இன்னும் புதிதாக இருந்தது.

அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் பேசாமல் போத்தலை வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். பாம்பின் தலையில் பழியைப் போட்டுவிட்டு வந்திருக்கலாம். அக்கா வாசலில் நின்றா. எனக்காகச் சொல்லவும் இல்லை, சொல்லென்று கண்ணைக் காட்டவும் இல்லை.

"பாம்பில்லை ஐயா," என்றேன். "நான் தந்த மருந்து. அது பூனைக்குக் கூடாது. நான்தான் பிழையா எழுதினனான்."

அவர் கொஞ்ச நேரம் ஊசியில் நூலைக் கோர்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நீங்கள் எழுதினபடியால்தான் மாஸ்டர் போட்டனான்" என்றார். அவ்வளவுதான். போகும்போது குடிக்கத் தண்ணீரும் தந்தார்.

திரும்பி வரும் வழியில் அக்கா பின்னாலிருந்து சொன்னா, "அண்டைக்கு நான் முழுசா உரிச்சிருக்க வேணும். நீங்கள் கத்தினவுடன விட்டுட்டுப் போயிட்டன். எனக்கு ரோசம் வந்திட்டுது." அவவுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு என்ன தகுதி இருந்தது? காற்றில் கேட்காதது போல ஓட்டினேன்.

பதிமூன்று போத்தல் கிடைத்தது. பதினாலாவதை வாங்கியவர் யாரென்று இன்று வரை எனக்குத் தெரியாது. மனைவியின் பூனை மூன்றாம் நாள் தண்ணீர் குடித்தது. நாலாம் நாள் சோற்றை மணந்து பார்த்தது. அது பிழைத்த பிறகுதான் மனைவி என்னோடு பேசினாள். முதல் வார்த்தை, "உந்தச் சாமான்களை எல்லாம் அவவிட்டக் காட்டிப்போட்டு வில்லுங்கோ" என்பது.

காட்டினேன். அக்கா ஒவ்வொன்றாக வாசித்து, வைத்தியரிடம் கேட்டு, அரைவாசியைத் திருப்பி அனுப்பச் சொன்னா. இதோடு நான் திருந்திவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். நடந்தது வேறு. மிஞ்சிய சாமான்களுக்கு மேலே ஒரு பெரிய மட்டையில், என் அழகான கையெழுத்தில், 'அக்கா பரிசோதித்து நல்லதென்று சொன்னவை' என்று எழுதித் தொங்கவிட்டேன்.

இரண்டு நாளில் அவ வந்தா. மட்டையைக் கழற்றினா.

"நான் எப்ப மாஸ்டர் நல்லதெண்டு சொன்னனான்? கூடாதெண்டு எனக்குத் தெரியேல்ல எண்டுதான் சொன்னனான்."

"ரெண்டும் ஒண்டுதானே அக்கா?"

"நீங்கள்தானே தமிழ் படிப்பிச்சனீங்கள்" என்றா.

மட்டையைக் கொண்டுபோய் வெளியே சுவரோடு சாத்தினா. பஸ் நிலையத்தடியில் திரிகிற கழுதைகளில் ஒன்று வந்து, நிதானமாக, ஒரு எழுத்தும் மிச்சமில்லாமல் தின்றுவிட்டுப் போனது.

அதற்கு அடுத்த வருசம் அக்கா நீர்கொழும்பில் இருந்த மகளிடம் போய்விட்டா. கருவாடு ஏற்றின லொறியில் நாயையும் மூன்று பூனைகளையும் ஏற்றிக்கொண்டு போனா. சாரதியிடம் பிரேக் எப்போது பார்த்தது என்று கேட்டபடியே ஏறியதாக மனைவி சொன்னாள். நான் கடையில் நின்றேன், போய்ப் பார்க்கவில்லை. என்ன சொல்லி வழியனுப்புவதென்று தெரியவில்லை.

சில மாதம் கழித்து ஒரு காலையில் தொலைபேசி அடித்தது.

"மாஸ்டர், நான்தான். இங்க ஒரு கடையில நிக்கிறன். சின்னப் பூனைக்குப் பல்லு விழுந்திட்டுது, கடிக்க ஏலாமல் கிடக்கு. மெதுவான சாப்பாடு ஒண்டு வைச்சிருக்கிறாங்கள்." சாமானின் பெயரைச் சொன்னா. "நீங்கள் இதை வித்தனீங்கள் எல்லோ. எப்பிடி?"

அக்கா என்னிடம் கேட்கிறா. கையில் இருந்த கயிற்றுச் சுருளைக் கீழே வைத்தேன். அருமையான சாமான் அக்கா, கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கோ என்று வாய் நுனி வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினேன்.

"வித்தனான் அக்கா. எங்கட பூனை சாப்பிட்டது. பக்கத்து வீட்டுப் பூனை மணந்து போட்டுப் போயிட்டுது. அதுக்கு மேல எனக்குத் தெரியாது."

அந்தப் பக்கம் கடைக்காரர் ஏதோ சொல்வது தூரத்தில் கேட்டது.

"சரி," என்றா அக்கா. "அப்ப சின்னப் பாக்கெட் ஒண்டு வாங்கிப் பாக்கிறன்."